மாரிக் காற்றும் இயந்திரமில்லா விமானமும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்களுள் சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். இயந்திரமும் எரிபொருளும் இன்றி, காற்றின் துணையைக் கொண்டே மணிக்கணக்காக வானில் உலவும் விமானம் ஒன்று உண்டு. அதனைக் கிளைடர் என்பர். அவ்விமானத்தைச் செலுத்துவோர் மாரிக்கால வானத்தை எவ்வாறு படிக்கின்றனர், வானிலை அறிக்கையில் எதனைத் தேடுகின்றனர் என்பதுபற்றியே பேசப் போகிறேன். மட்டக்களப்பு வாவிக்கு மேலே அத்தகைய விமானம் வட்டமிடுவதை நாம் கண்டதில்லையே, இந்தப் பேச்சினால் நமக்கு ஆவதென்ன என்று நீங்கள் கேட்கக்கூடும்.

விடையை முதலிலேயே கூறிவிடுகிறேன். கிளைடர் ஓட்டி வானத்தை நோக்கிக் கேட்கும் முதற் கேள்வி இது: இன்று காற்று எங்கே மேலெழுகிறது? எவ்வளவு விரைவாக எழுகிறது? மழை எங்கே பெய்யும், புயல் எங்கே திரளும் என்று ஆராயும் வானிலை அறிஞரும் இதனையே கேட்கிறார். தோணியில் ஏறுமுன் வானத்தை அண்ணாந்து பார்க்கும் நம் கடற்றொழிலாளரும், விதைநெல்லை நனைய வைக்குமுன் மேற்கையும் கிழக்கையும் மாறிமாறிப் பார்க்கும் நம் வயற்காரரும் தத்தம் வழியில் கேட்டு வந்ததும் இதுவேயாகும். ஆதலால் அந்த விமான ஓட்டியிடம் நாம் கற்றுக்கொள்ளக்கூடியவை சில உண்டு.

முதலில் அந்த விமானத்தின் இயல்பைச் சற்றுப் பார்ப்போம். நீண்டு ஒடுங்கிய சிறகுகளும் குறைந்த எடையும் உடையது கிளைடர். தரையில் உள்ள சுழல் பொறியொன்று கம்பியைச் சுற்றியிழுக்க அது மேலேறும்; அல்லது இயந்திர விமானமொன்றின் பின்னே கயிற்றால் பிணைக்கப்பட்டு மேலேறும். கயிறு விடுபட்ட கணத்திலிருந்து அது இறங்கத் தொடங்குகிறது. பழைய பயிற்சிக் கிளைடர்கள் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீற்றர் வீதம் இறங்கும். இன்றைய சிறந்த கிளைடர்கள் அதனிலும் மெதுவாக இறங்குவன. ஒரு கிலோமீற்றர் உயரத்திலிருந்து 40 கிலோமீற்றருக்கும் அப்பால் சென்று தரையைத் தொடவல்லன.

எப்போதும் இறங்கிக்கொண்டிருக்கும் விமானம் மேலேறுவது எங்ஙனம்? வெள்ளம் கரைபுரளும் ஆற்றில் ஒருவர் நீரோட்டத்தை எதிர்த்து மெல்லத் துடுப்பு வலிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் முன்னோக்கித்தான் வலிக்கிறார். ஆயினும் தோணி பின்னோக்கிச் செல்கிறது. அதுபோலக் கிளைடர் தன்னைச் சூழ்ந்த காற்றில் கீழ்நோக்கியே வழுக்குகிறது. அந்தக் காற்று அதனிலும் விரைந்து மேலெழுமாயின், விமானமும் அதனோடு மேலேறுகிறது. எழும் காற்றைக் கண்டறிவதே இக்கலையின் உயிர்நாடி.

காற்று மேலெழுவதற்கு முக்கியமான வழிகள் மூன்று. வெயிலால் சூடேறிய நிலத்தின் மேலுள்ள காற்று இலேசாகித் தூணைப்போல எழுவது ஒன்று. வீசும் காற்று மலைச்சரிவில் மோதி மேலே திரும்புவது இரண்டாவது. மலையைத் தாண்டிய காற்று மறுபுறத்தில் அலையலையாக ஏறி இறங்குவது மூன்றாவது. ஓடைநீர் கல்லொன்றைக் கடந்தபின் அலையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். மூன்றாவது வழியும் அத்தகையதே.

இக்கலையில் மனிதருக்கு ஆசான்கள் பறவைகளே. நம் வாவிக்கரையில் செம்பருந்து வட்டமிடுவதைக் காணாதவர் இலர். சிறகை அசைக்காமலே அது உயர்ந்து செல்லும். கூழைக்கடாக்களும் நாரைகளும் வெயில் ஏறியபின் கூட்டமாகச் சுழன்று உயர்ந்து, பின்னர் ஒரு திசை நோக்கி வழுக்கிச் செல்லும். வெயிலால் விரைவில் சூடேறுவது நிலம். ஆழமும் அசைவும் உடைய வாவிநீர் அவ்வாறு சூடேறுவதில்லை. ஆகவே பகலில் ஏற்றக்காற்றுத் தூண்கள் நீர்ப்பரப்பைவிட நிலப்பரப்பின் மீதே வலுவாக எழுகின்றன. இதனைப் பறவை எந்த நூலிலும் படிக்கவில்லை; ஆயினும் நன்கு அறிந்திருக்கிறது.

இந்தப் பறவைகளின் இரகசியத்தை முறையாக ஆராய்ந்தோருள் இருவர் இந்தியாவில் பணியாற்றியவர்கள். ஒருவர் ஆக்ராவில் அரசாங்க இரசாயனப் பரிசோதகராக இருந்த ஹாங்கின் என்பவர். கங்கை நீரில் வாந்திபேதிக் கிருமிகள் மடிவதைக் குறித்து 1896ஆம் ஆண்டில் எழுதியவரும் இவரே. ஆக்ராவின் பருந்துகளையும் கழுகுகளையும் அவர் ஆண்டுக்கணக்காக நோக்கிக் குறிப்பெழுதினார். காலையில் எடை குறைந்த பருந்துகளே முதலில் மிதக்கத் தொடங்குகின்றன. வெயில் வலுத்தபின்னரே கனத்த கழுகுகள் எழுகின்றன என்பதைக் கண்டார். ஆயினும் ஏற்றக்காற்றே இதற்குக் காரணம் என்று ஒப்புக்கொள்ள அவர் தயங்கினார்.

மற்றவர் சேர் கில்பேட் வாக்கர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் சிறந்து விளங்கிய அவர், 1904ஆம் ஆண்டில் இந்திய வானிலை ஆய்வு நிலையங்களின் தலைமை அதிகாரியானார். 1899, 1900 ஆகிய ஆண்டுகளின் கொடிய பஞ்சம் மக்கள் மனத்திலிருந்து மறையாத காலம் அது. பருவமழை தவறுமா என்பதை முன்கூட்டியே அறிய வழியுண்டா என்று கண்டறிவதே அவர்முன் இருந்த பெரும் பணி. அந்தப் பணிக்கிடையே அவர் சிம்லா மலைச்சரிவுகளில் பறவைகள் மிதப்பதையும் நோக்கினார். சிறகசையாப் பறத்தலுக்கு எழும் காற்றே காரணம் என்பதை விளக்கி, வெப்பநாட்டுப் பறவைகளின் பறத்தலையும் வானிலையையும் இணைத்துக் கட்டுரையும் எழுதினார்.

இவ்விரண்டும் ஒருவரிடமே அமைந்தது வியப்புக்குரியதன்று. பருந்தைத் தூக்குவதும் எழும் காற்று; பருவமழையைப் பொழிவிப்பதும் எழும் காற்று. அளவே வேறு. பசிபிக் பெருங்கடலுக்கும் இந்துமா கடலுக்கும் இடையே காற்றழுத்தம் ஊஞ்சலைப் போல ஏறியிறங்குவதை வாக்கர் கணக்குகளால் கண்டு, அதற்குத் தென்னலைவு என்று பொருள்படப் பெயரிட்டார். இந்தோனேசியக் கடற்பரப்பில் எழுந்து கிழக்குப் பசிபிக்கில் இறங்கும் பெருங்காற்றுச் சுற்றுக்கு, 1969ஆம் ஆண்டில் பியர்க்னஸ் என்ற அறிஞர் வாக்கரின் பெயரையே சூட்டினார். இன்று எல் நீனோ, லா நீனா என்று செய்திகளில் நாம் கேட்பவை இந்த ஊஞ்சலோடு தொடர்புடையன. பொதுவாக, எல் நீனோ ஆண்டுகளில் இலங்கையில் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மழை கூடும் போக்கு உண்டு. லா நீனா ஆண்டுகளில் அடுத்துவரும் தை, மாசி மாதங்களில் மழை மிகலாம். 2011ஆம் ஆண்டு ஜனவரியில் மட்டக்களப்பு மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கியபோது லா நீனாவே நிலவியது. ஆயினும் இவை போக்குகள் மாத்திரமே. தவறாத விதிகள் அல்ல.

நம் அயல்நாடான இந்தியாவில் கிளைடர் பயிற்சி நெடுங்காலமாக நடந்து வந்திருக்கிறது. புனே நகரை அடுத்த ஹடப்சரில் 1950ஆம் ஆண்டில் அரசாங்கக் கிளைடர் நிலையம் நிறுவப்பட்டது. அந்நாட்டின் சிவில் விமானப் போக்குவரத்துத் துறையினர் 1950களிலும் 1960களிலும் தாமே கிளைடர்களை வடிவமைத்தனர். அம்முயற்சியில் எஸ். ராமாமிருதம் என்ற பொறியியலாளரின் பங்கு பெரிது. அவற்றுக்கு அவர்கள் இட்ட பெயர்களைக் கேளுங்கள்: அசுவினி, பரணி, கார்த்திக், ரோகிணி, மிருகசீரிடம். வானில் உலவும் ஊர்திகளுக்கு வான்மீன்களின் பெயர்கள் எவ்வளவு பொருத்தம்!

இனி, கிளைடர் ஓட்டி வானிலை அறிக்கையில் எதைத் தேடுகிறார் என்று பார்ப்போம். நம்மைப்போல மழை வருமா வராதா என்று கேட்பதோடு அவர் நின்றுவிடுவதில்லை. நிலம் இன்று எத்துணை வெப்பமடையும்? ஏற்றக்காற்று எந்த உயரம் வரை செல்லும்? முகிலின் அடித்தளம் எங்கே அமையும்? மேற்காற்றின் திசையும் வேகமும் என்ன? ஏற்றக்காற்று எந்த நேரத்தில் தொடங்கி எந்த நேரத்தில் ஓயும்? இவை ஐந்தும் அவருடைய கேள்விகள்.

இவற்றுள் முகிலடியின் உயரத்தைக் கணிக்க எளிய கணக்கொன்று உண்டு. எட்டாம் வகுப்பு மாணவரும் இதனைச் செய்யலாம். காற்றின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் பனித்துளி படியுமோ, அதனைப் பனிபடுநிலை என்பர், அதனையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை 125ஆல் பெருக்குங்கள். திரள்முகிலின் அடித்தளம் ஏறத்தாழ அத்தனை மீற்றர் உயரத்தில் இருக்கும்.

மாரிக்கால நண்பகல் ஒன்றில் வெப்பநிலை 28 பாகை, பனிபடுநிலை 24 பாகை என்று கொள்வோம். வேறுபாடு 4 பாகை. முகிலடி 500 மீற்றர். கோடை நண்பகல் ஒன்றில் வெப்பநிலை 36 பாகை, பனிபடுநிலை 22 பாகை என்று கொள்வோம். வேறுபாடு 14 பாகை. முகிலடி 1,750 மீற்றர். நொடிக்கு ஒரு மீற்றர் இறங்கும் விமானத்துக்கு 500 மீற்றர் என்பது எட்டு நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட அவகாசமே. 1,750 மீற்றர் என்பதோ அரைமணி நேரத்துக்குச் சற்றே குறைந்த அவகாசம். மாரியில் வானத்தின் கூரை தாழ்ந்துவிடுகிறது என்று நாம் சொல்வது வெறும் உவமையன்று. அளந்து காட்டக்கூடிய உண்மை.

குளிர்நாடுகளில் மாரிக்காலம் கிளைடர் ஓட்டிகளுக்கு வேறொரு சோதனை. டிசெம்பர் 22ஆம் நாளளவில் இலண்டன் நகரில் நண்பகற் சூரியனே அடிவானத்திலிருந்து 15 பாகை உயரத்தில்தான் நிற்கும். பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. நிலம் சூடேற வழியில்லை. வடஇந்தியச் சமவெளியிலோ, மாரிக்கால விடியலில் தரையருகே குளிர்காற்றும் அதன்மேலே வெப்பக்காற்றுமாக அடுக்கு தலைகீழாகிவிடும். மூடுபனி கலைந்து அந்த மூடி உடையும்வரை ஏற்றக்காற்று தலைதூக்காது. ஆகவே குளிர்நாட்டார் மாரியில் மலைச்சரிவுகளையும் மலைதாண்டிய அலைகளையும் நாடுகின்றனர். அந்த அலைகளின் ஆற்றல் சாமானியமானதன்று. 2018 செப்டெம்பர் 2ஆம் நாள், தென்னரைக்கோளத்து மாரியின் இறுதியில், ஆர்ஜென்டீனாவில் ஆண்டீசு மலைத்தொடரின் அலைகளில் ஏறிய பேர்லன் என்ற கிளைடர் ஏறத்தாழ 23,200 மீற்றர் உயரத்தை எட்டியது. பயணிகள் விமானங்கள் பறக்கும் உயரத்தைப்போல் ஏறக்குறைய இருமடங்கு அது. இயந்திரம் இல்லாமலே எட்டிய உயரம் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

இப்போது நம் கரைக்கு வருவோம். நம் மாரியில் சூரியன் அவ்வளவு தாழ்வதில்லை. டிசெம்பர் 22ஆம் நாளிலும் மட்டக்களப்பில் நண்பகற் சூரியன் ஏறத்தாழ 59 பாகை உயரத்தில் நிற்கும். ஆகவே இங்கே ஏற்றக்காற்றைத் தடுப்பது வெயிற் குறைவு மாத்திரமன்று, ஈரமே முதற்காரணம். மட்டக்களப்பில் ஓராண்டில் பெய்யும் மழை சராசரியாக 1,650 மில்லிமீற்றர் அளவு. அதில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான நான்கு மாதங்களிற் பெய்துவிடுகிறது, டிசெம்பரே உச்சம். படுவான்கரை வயல்வெளிகள் எங்கும் நீர் நிற்கும். வெயில் எறித்தாலும் அதன் வெப்பம் நிலத்தைச் சுடாமல் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. ஒரு லீற்றர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரச் செலவாகும் வெப்பத்தைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு, அந்நீரை ஆவியாக்கச் செலவாகும்.

செலவான அந்த வெப்பம் எங்கே போயிற்று? அழிந்துவிடவில்லை. ஆவிக்குள் ஒளிந்திருக்கிறது. ஈரக்காற்று உயர்ந்து குளிர்ந்து முகிலாகும்போது அந்த வெப்பம் மீண்டும் வெளிப்படுகிறது. முகிலுக்குள் காற்றை மேலும் மேலும் உந்துகிறது. தரையருகே சோம்பிக் கிடந்த காற்று முகிலுக்குள் சென்றதும் மதங்கொண்ட யானையாகிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மாலைகளில் இடியும் மின்னலுமாக மேற்கே எழும் கார்முகிலைப் பார்த்திருப்பீர்கள். பெரும் இடிமுகிலுக்குள் காற்று நொடிக்கு 20 மீற்றருக்கும் மேலான வேகத்தில் எழுவதுண்டு. அதன் அருகிலேயே அதேபோலக் காற்று கீழே கொட்டுவதும் உண்டு. ஏற்றக்காற்றைத் தேடி அலையும் கிளைடர் ஓட்டியும் இந்த முகிலைக் கண்டால் விலகிச் சென்றுவிடுவார். வேண்டியது மிகையாகக் கிடைக்கும் இடத்தில் உயிருக்கு உறுதியில்லை என்பதை அவர் அறிவார்.

மார்கழியில் காட்சி மாறும். வங்கக் கடலைக் கடந்து வரும் வாடைக்காற்று வழியெல்லாம் ஈரத்தை ஏற்றிக்கொண்டு வந்து, கடல்மீதே முகில்களைத் திரட்டி, இரவிலும் விடியலிலும்கூட மழையைக் கொட்டும். தாழ்ந்த படைமுகில்கள் பகலெல்லாம் வெயிலை மறைக்கும். பறவைகள் மரக்கிளைகளில் ஒடுங்கியிருக்கும். கிளைடர் ஓட்டிக்கான அறிக்கையை அந்த நாட்களில் ஒரே சொல்லில் எழுதிவிடலாம்: காத்திரு. தை பிற்பகுதியில் முகில் பிளந்து வெயில் தலைகாட்டும்; மாசியில் வயல்மேடுகள் உலரும்; செம்பருந்துகள் மீண்டும் வட்டமிடத் தொடங்கும். அவை எப்போது, எங்கே வட்டமிடத் தொடங்குகின்றன என்பதே மாரி தளர்ந்துவிட்டதை உணர்த்தும் ஓர் அறிக்கை.

வாடையின் பெருமையை உணர அதன் எதிரியையும் அறிதல் வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றை நமக்குத் தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மறுபக்கத்தில் மழையைப் பொழிந்துவிட்டு, மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்குகிறது. இறங்கும் காற்று ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஏறத்தாழ ஒரு பாகை வீதம் சூடேறுகிறது. மட்டக்களப்பில் அது கடற்காற்றையும் வென்று வீசி, வெப்பநிலையை 38 பாகையை அண்டச் செய்வதுண்டு. அமெரிக்க வளிமண்டலவியல் கழகத்தின் சொற்களஞ்சியத்தில், மட்டக்களப்பின் பெயரோடு, கச்சான் என்ற சொல்லே இடம்பெற்றிருக்கிறது. நம் மீனவரும் உழவரும் வழங்கிய சொல் உலக விஞ்ஞானத்தின் சொல்லாயிற்று. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்ட மக்கள் காற்றைக் கவனித்த மக்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? புறநானூற்றின் 66ஆம் பாடலில் வெண்ணிக்குயத்தியார், கரிகாற்சோழனின் முன்னோர் காற்றை ஏவல்கொண்டு கடலில் மரக்கலம் செலுத்தியதைப் போற்றுகிறார். இந்த அறிவு நமக்குப் புதியதன்று.

ஆனால் முன்னோரின் அறிவு எல்லாவற்றையும் முன்கூட்டி உணர்த்திவிடுவதில்லை. எழும் காற்றின் மிகப் பெரிய வடிவம் சூறாவளி. வெப்பமான கடலின் மேலே நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகலத்துக்குக் காற்று சுழன்று எழுவதே அது. 1978 நவம்பர் 23ஆம் நாள் அது மட்டக்களப்பைத் தாக்கியது. அன்று சிறுவர்களாக இருந்த எம் தலைமுறையினர் அந்த இரவை மறக்கவில்லை. நாடெங்கும் 900 பேருக்கு மேல் உயிரிழந்தனர். தென்னந்தோட்டங்கள் நிலத்தோடு சாய்ந்தன, கூரைகள் பறந்தன. அப்புயல் பல நூறு கிலோமீற்றர் தொலைவில் உருவானபோது வாவிக்கரையில் நின்றவர் கண்ணுக்கு அது தெரிந்திருக்க முடியாது. எவ்வளவு கூரிய கண்ணும் அடிவானத்துக்கு அப்பால் காணாது. அங்கேதான் செய்மதியும் கருவியும் கணக்கும் வேண்டியிருக்கின்றன.

சூறாவளியின் நடுவே அமைதியான கண் ஒன்று உண்டு. அது கடக்கும்போது காற்று சட்டென்று அடங்கும். வானமும் சற்று வெளுக்கும். ஆபத்து நீங்கிற்று என்று மக்கள் வெளியே வருவர். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று தாக்கும். இந்த ஒரு செய்தியை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தீர்களாயின், இந்தப் பேச்சைக் கேட்ட நேரம் வீண்போகாது.

மாரிதோறும் நம் மாவட்டத்தில் எழும் வழக்கொன்றையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். கோடையில் மணலால் அடைபடும் வாவியின் முகத்துவாரத்தை மழைக்காலத்தில் எப்போது வெட்டிவிடுவது என்பதே அது. வயல்கள் நீரில் அமிழுமுன் வெட்டிவிட வேண்டும் என்பர் வயற்காரர். காலத்துக்கு முந்தி வெட்டினால் வாவிநீர் வற்றி மீனும் இறாலும் கெடும் என்பர் வாவியை நம்பி வாழ்வோர். இருவர் சொல்லும் நியாயமே. இந்த வழக்கைத் தீர்க்க உதவுவது குரலின் உரப்பன்று. அடுத்த ஐந்தாறு நாட்களில் எவ்வளவு மழை வரும் என்ற நம்பத்தக்க மதிப்பீடே. காலம் தவறி எடுத்த முடிவின் விலையை இரு கரையினரும் ஆண்டு முழுவதும் செலுத்த நேரிடும். எதிர்வுகூறல் என்பது நம் ஊரில் சோற்றோடு பிணைந்த காரியம்.

ஆகவே வானிலை அறிக்கையை எவ்வாறு கேட்பது என்பதைக் கிளைடர் ஓட்டியிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம். அவரிடம் மூன்று நல்ல வழக்கங்கள் உண்டு.

முதலாவது, அவர் அறிக்கையைச் சோதிடமாகக் கொள்வதில்லை. மழை பெய்யக்கூடும் என்பதற்கும் மழை பெய்யும் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் உணர்ந்திருக்கிறார். கூடும் என்று சொல்லப்பட்ட மழை பெய்யாவிடின் அறிக்கை பொய்த்தது என்று அவர் எள்ளுவதில்லை. பத்து முறை எச்சரித்து எட்டு முறை புயல் விலகிப் போயிற்று என்றால், மிகுதி இரண்டு முறைக்காகவே அந்தப் பத்து எச்சரிக்கையும் தரப்பட்டன என்று அவர் கொள்கிறார்.

இரண்டாவது, அறிக்கையைக் கேட்டபின் அவர் தம் கண்களை மூடிக்கொள்வதில்லை. முகிலின் வடிவம், புகை சாயும் திசை, பறவை சுழலும் இடம் ஆகிய அனைத்தையும் அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். கொழும்பிலுள்ள வளிமண்டலவியல் திணைக்களம் நாடு முழுவதற்கும் பொதுவாகச் சொல்வதை, தாம் நிற்கும் இடத்துக்கு ஏற்றவாறு பொருள்கொள்ளும் பொறுப்பு தம்முடையது என்று எண்ணுகிறார். எழுவான்கரையில் வீசும் கடற்காற்றும் படுவான்கரையில் கூடும் முகிலும் ஒன்றல்ல என்பதை அங்கங்கே வாழ்வோரே அறிவர்.

மூன்றாவதே தலையாயது. புறப்படாமல் இருப்பதற்கு அவர் நாணுவதில்லை. கயிற்றை மாட்டி, சிறகைத் துடைத்து, எல்லாம் ஆயத்தமாகிய பின்னரும், வானம் சரியில்லை என்று கண்டால் இறங்கி வந்து கொட்டகையின் கதவைச் சாத்திவிடுகிறார். அவருடைய தோழர் எவரும் அவரைக் கோழை என்பதில்லை. நம் கடற்றொழிலாளர்க்கோ இது எளிதன்று. அவர்களுக்குக் கடல் விளையாட்டன்று. அன்றாட உலை அதனால் கொதிக்கிறது. ஒருநாள் போகாவிடின் ஒருநாள் கூலி போயிற்று. கடனுக்கு வாங்கிய வலையும் இயந்திரமும் வீட்டில் அடுக்கியிருக்கும். அத்தகையவரிடம் போகாதே என்று வாயால் மாத்திரம் சொல்வது நீதியாகாது. எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாட்களில் கரையில் நிற்கும் குடும்பங்களின் அடுப்பு எரிய ஊரும் சங்கங்களும் அரசாங்கமும் வழிசெய்தல் வேண்டும். அப்போதுதான் எச்சரிக்கை பயன் தரும். அறிவு தருவது ஒரு கடமையானால், அந்த அறிவின்படி நடக்க இயலுமாறு செய்வது அதனோடு பிறந்த மற்றொரு கடமையாகும்.

ஆசிரியர் என்ற முறையில் இறுதியாக ஒரு விண்ணப்பம். நம் பாடசாலைகள் ஒவ்வொன்றிலும் ஒரு மழைமானியும், ஒரு காற்றுத்திசை காட்டியும், ஈரக்குமிழும் உலர்குமிழுமாகிய இரு வெப்பமானிகளும் இருத்தல் வேண்டும். இவற்றுக்குப் பெருஞ்செலவில்லை. நாள்தோறும் காலையில் இரு மாணவர் அளந்து குறிப்பேட்டில் எழுதட்டும். அதே குறிப்பேட்டின் எதிர்ப்பக்கத்தில், தம் பாட்டனாரும் அயலிலுள்ள மூத்த மீனவரும் அன்று வானத்தைப் பார்த்து என்ன சொன்னார்கள் என்பதையும் எழுதட்டும். மாலையில் வானொலி அறிக்கை என்ன சொன்னது என்பதை அதன் கீழே எழுதட்டும். ஒரு மாரி முடிந்ததும் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தால், எது எங்கே பொருந்துகிறது, எது எங்கே தவறுகிறது என்பது அவர்களுக்கே விளங்கும். அவ்வாறு பழகிய பிள்ளை, நாளை கடலுக்குச் சென்றாலும், வயலுக்குச் சென்றாலும், விமானம் ஓட்டச் சென்றாலும், வானத்தை மதித்து நடக்கும்.

இவ்வாண்டு மாரியில் வாடை எழும்போது, செய்தி முடிந்ததும் வானொலியை நிறுத்திவிடாமல் வானிலை அறிக்கையையும் இருந்து கேளுங்கள். கேட்டபின் வெளியே வந்து ஒருமுறை வானத்தையும் பாருங்கள்.